ஒன்றரை லட்சத்துக்கு என்ன வாங்குகிறோம்?

(லேப்டாப் வாங்குவது பற்றிக் கோட்டக்குப்பத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளே வரும்போதே ஒரு பாய் என் கையைப் பிடித்து, "அரை மணி நேரம் பேசப் போறீங்க. அதுக்குள்ள எந்தக் கம்பெனி நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுங்களேன்" என்றார். சொல்ல மாட்டேன் பாய். தெரியாமல் இல்லை. அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. ஒரே கம்பெனி ஒரு வருஷம் தங்கமாகச் செய்யும், அடுத்த வருஷம் அதே பெயரில் தகரத்தை விற்கும். ஆகவே கம்பெனியை விட்டுவிட்டு, பெட்டியை எப்படிப் பார்ப்பது என்று பேசலாம்.

நான் பழுது பார்க்கிறவன். கடைக்காரர் பார்ப்பது லேப்டாப்பின் முதல் நாளை. நான் பார்ப்பது அதன் நாலாவது வருஷத்தை. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியதும் நாற்பதாயிரத்துக்கு வாங்கியதும் என் மேசைக்கு வந்த பிறகு ஒன்றுதான். எந்தப் பாகம் போயிருக்கிறது, அது கிடைக்குமா, கழற்ற முடியுமா, எவ்வளவு ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் உள்ள பெட்டியைத்தான் நான் மதிப்புள்ள பெட்டி என்பேன். நம் மீனவர்கள் படகுக்கு எஞ்சின் வாங்கும்போது முதலில் ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். குதிரைசக்தி பற்றிய பேச்சு அதற்கப்புறம். லேப்டாப் கடையில் மட்டும் அந்தக் கேள்வியை நாம் ஏனோ கேட்பதே இல்லை.

இந்த ஊரில் இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே லேப்டாப் தயாராகிறது. புதுச்சேரியில் உள்ள லெனோவா தொழிற்சாலை ஐபிஎம் காலத்துத் தொழிற்சாலை. 2005இல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவா வாங்கியபோது அதுவும் கைமாறியது. 2024 செப்டம்பரில், அங்கேயே செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களையும் வருஷத்துக்கு 50,000 வீதம் செய்யப்போவதாக அறிவித்தார்கள். நம் ஆட்களுக்குப் பெருமையாக இருக்கிறது, இருக்கட்டும். "பாண்டிச்சேரியிலேயே செஞ்சது, நம்பி வாங்கலாமா?" என்று கேட்பதுதான் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. ஒரு லேப்டாப்பைப் பூட்டுவது எங்கே என்பதைவிட அதை வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தார் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும். கீலுக்குக் கீழே உலோகச் சட்டம் வைத்தாரா, பேட்டரியை ஸ்க்ரூ போட்டு வைத்தாரா, பசை தடவி ஒட்டினாரா? இதெல்லாம் வரைபடத்திலேயே முடிந்துபோகிற விஷயம்.

திங்க்பேட் என்ற கறுப்புப் பெட்டியை உங்களில் பலர் ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். 1992இல் ஐபிஎம் கொண்டுவந்தது. வடிவமைப்பு ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானியர். பொறியியல் ஜப்பானில் யமாட்டோ ஆய்வகம். நடுவில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கும். உறுதிக்குப் பெயர் வாங்கிய வரிசை. அந்த வரிசையில் விலை கூடியவற்றில் ஒன்று எக்ஸ்1 கார்பன். 2018 பிப்ரவரியில் அதன் ஐந்தாம் தலைமுறைப் பெட்டிகளை லெனோவா திரும்ப அழைத்தது. 2016 டிசம்பரிலிருந்து 2017 அக்டோபர் வரை செய்தவை. காரணம் என்ன தெரியுமா? ஒரு ஸ்க்ரூ. சரியாக முடுக்காத ஸ்க்ரூ உள்ளே உருண்டு பேட்டரியை அழுத்தினால் சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 78,000 பெட்டிகள். கார்பன் இழை, உயர்ந்த திரை, உயர்ந்த விலை எல்லாம் இருந்தும், ஒரு ஸ்க்ரூ.

இதனால் அந்தக் கம்பெனியை நான் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறு செய்யாத கம்பெனி கிடையாது. தவறு தெரிந்ததும் அழைத்து, பார்த்து, இலவசமாகச் சரிசெய்தார்கள். நம்பகம் என்றால் நான் அதைத்தான் பார்ப்பேன். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அது ஆப்பிள் கதை.

2015இல் ஆப்பிள் தன் லேப்டாப்பை இன்னும் மெல்லிசாக்க, பட்டாம்பூச்சி என்று பெயரிட்ட புதுவகைக் கீபோர்டைப் போட்டது. அடுத்த வருஷம் மேக்புக் ப்ரோவுக்கும் அதே. அழுத்தினால் சாவி இறங்குவதே தெரியாது, அவ்வளவு மெல்லிசு. ஒரு தூசு, ஒரு மணல் துகள் உள்ளே போனால் சாவி ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். சரி, கீபோர்டை மாற்றலாமே என்றால், அது மேல் உறையோடு சேர்ந்தது. மேல் உறையில் பேட்டரி ஒட்டியிருக்கிறது. ஒரு சாவி போனால் கீபோர்டு, உறை, பேட்டரி மூன்றையும் சேர்த்து மாற்றவேண்டும். 2018 ஜூனில்தான் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 நவம்பரில் பழைய வகைக் கீபோர்டுக்கே திரும்பிப் போனார்கள். வழக்கு நடந்து 2022இல் 5 கோடி டாலர் சமரசம் ஆனது. அந்தப் பணம் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். இங்கே கடன் வாங்கி அதை வாங்கிய நம் பிள்ளைக்கு ஒரு பைசா கிடையாது.

கடற்கரை மணலில் வாழ்கிற நாம், மணல் துகளுக்குத் தாங்காத ஒன்றுக்கு அவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம்! மெல்லிசு என்பது கடையில் கையில் எடுக்கும் ஐந்து நிமிஷத்துக்குத்தான் சுகம். அதற்காக ஒரு கம்பெனி எதையெதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதே ஆப்பிளைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும், அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இன்டெல் சிப்புடன் ஒரு மேக்புக் ஏர் வந்தது. அதே வருஷம் நவம்பரில், அதே பெயர், அதே உருவம், கிட்டத்தட்ட அதே விலையில் இன்னொரு ஏர், ஆப்பிளின் சொந்த எம்1 சிப்புடன். எம்1 ஏர் இங்கே அறிமுக விலை 92,900 ரூபாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் வந்த புதிய மேக் இயங்குதளம் எம்1 ஏரில் ஓடுகிறது. மார்ச்சில் வந்த இன்டெல் ஏரில் ஏறாது. எட்டு மாத இடைவெளியில் வாங்கிய இருவரில் ஒருவருக்கு இன்னும் காலம் இருக்கிறது, மற்றவருக்குக் கதவு மூடிவிட்டது.

விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர. 2017இல் லட்ச ரூபாய்க்குமேல் போட்டு ஏழாம் தலைமுறை ஐ7 வாங்கியவர் வெளியே நிற்கிறார். அடுத்த வருஷம் சாதாரண எட்டாம் தலைமுறை ஐ3 வாங்கியவர் உள்ளே போய்விட்டார். ஆகவே பெட்டி வாங்கும்போது ஐ5ஆ ஐ7ஆ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தலைமுறை, எந்த வருஷத்துச் சிப் என்று கேளுங்கள். பழைய தலைமுறையைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவது தீபாவளி, ரம்ஜான் காலத்தில் சகஜம்.

இப்போது நம் ஊருக்கே உரிய எதிரிக்கு வருகிறேன். மேசைமேல் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்திருக்கிறேன். இடதுபக்கம் இருப்பது கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஓடியது. கொண்டுவந்தவர் சொன்ன குறை, சார்ஜ் ஏறுவதும் ஏறாமல் போவதுமாக இருக்கிறது. அடி மூடியைக் கழற்றினால் ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. ஃபேன் இருக்கும் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பின்னால், பாருங்கள், பச்சை பூத்திருக்கிறது. செம்புப் பாத்திரத்தில் புளி வைத்தால் பூக்குமே, அந்தப் பச்சை. காற்றில் வரும் உப்பு போர்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையில் அதைத் தாண்டாத இரவு குறைவு. கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் ஓடுகிற போர்டில் செம்பு அரிக்க அதுவே போதும். ஃபேன் சுற்றச் சுற்ற உப்புக் காற்றை நாமே உள்ளே இழுத்துக்கொடுக்கிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவே, எழுத்து வேலை, கணக்கு வேலை மட்டும் செய்பவர்களுக்கு ஃபேன் இல்லாத பெட்டி கடற்கரை ஊருக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். நான் சொன்ன எம்1 ஏரில் ஃபேன் கிடையாது.

விளம்பரத்தில் "ராணுவத் தரம்" என்று போட்டிருப்பார்கள். எம்ஐஎல் எஸ்டிடி 810 என்று ஒரு எண்ணும் இருக்கும். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைமுறைத் தொகுப்பு. இப்போதுள்ள எச் பதிப்பு 2019இல் வந்தது. அதில் அதிர்வு, வெப்பம், ஈரம், மணல், கீழே விழுதல் என்று பல சோதனைகள் உண்டு. எதைச் செய்வது, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். ராணுவம் வந்து பார்த்து முத்திரை குத்துவதில்லை. அந்தத் தொகுப்பில் 509ஆம் முறை உப்புப் புகைச் சோதனை. கடலோரத்தில் இருக்கும் நமக்கு வேண்டியது அது. உங்கள் பெட்டி கடந்த சோதனைகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் மாடியில் கடலைப் பார்த்து வைத்து வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை. கடற்காற்றின் எல்லா விளைவையும் இது காட்டாது என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது.

வலதுபக்கம் இருக்கும் பெட்டிக்கு உப்பு எதுவும் செய்யவில்லை. கீல் பிய்ந்தது. வெளியே பளபளக்கும் அலுமினியம். உள்ளே கீலை இறுக்கிப் பிடிக்கும் இடம் மட்டும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குமிழ்கள் இரண்டும் பெயர்ந்து கையோடு வந்துவிட்டன. கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள். மற்ற மூலை பின்தங்கி முறுகி வந்தால் யோசியுங்கள். கீபோர்டின் நடுவில் இரண்டு விரலால் அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. மூடிய பெட்டியை முன்மூலையைப் பிடித்து ஒரு கையால் தூக்குங்கள், கிரீச்சென்று சத்தம் வரக் கூடாது. கடைக்காரப் பையன் முறைப்பான். முறைக்கட்டும், பணம் நம்முடையது.

அடுத்து, கழற்றி மாற்றும் வசதி. தமிழக அரசு கொடுத்த லேப்டாப் பல வீடுகளுக்கு வந்திருக்கும். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டம். முதல் பெட்டிகளில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். தடிமனான பிளாஸ்டிக், பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் பின்மூடியைத் திறந்து ராம் கூட்டலாம், டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடலாம். அப்படிச் செய்து பிள்ளை பள்ளியில் வாங்கியதைத் தம்பி கல்லூரியில் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய விலையுயர்ந்த பெட்டிகள் பலவற்றில் ராம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது. சிலவற்றில் சேமிப்பகமும் அப்படியே. போர்டு போனால் பிள்ளையின் ஃபோட்டோக்களும் கூடவே போகும். திங்க்பேடிலேயே பாருங்கள், 2018இன் டி480இல் ராமுக்கு இரண்டு சொருகிகள், வெளியே கழற்றும் பேட்டரி. அடுத்த வருஷத்து டி490இல் ஒரு பகுதி ராம் ஒட்டியாயிற்று, கழற்றும் பேட்டரி போயிற்று. பெயரில் பத்து கூடியது, பழுது பார்ப்பவன் கையில் பத்து குறைந்தது.

அதற்காக ஒட்டிய ராமே ஆகாது என்று சொல்லவில்லை. வேகமும் பேட்டரி மிச்சமும் அதில் கிடைக்கின்றன. ஒட்டியதை வாங்குவதானால் இன்றைய தேவைக்கு வாங்காதீர்கள். ஐந்து வருஷத் தேவைக்கு இன்றே 16 ஜிபியோ அதற்கு மேலோ போட்டு வாங்குங்கள். பிறகு வருந்திப் பயனில்லை.

நம் ஊரில் பாதி வீடுகளில் சபர், அதாவது வெளிநாடு, போனவர்கள் உண்டு; துபாயில் ஒருவர், பாரிஸில் ஒருவர். "மச்சான் வரும்போது அங்கேயே வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம், அது சரி. பாரிஸில் வாங்கினால் கீபோர்டில் முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். நம் பிள்ளைகள் கியூ, டபிள்யூவில் பழகியவர்கள். அங்கே சட்டப்படி இரண்டு வருஷப் பொறுப்பு உண்டு, ஆனால் அது விற்ற கடையின் பொறுப்பு. பெட்டியைத் திரும்ப அங்கே கொண்டுபோக வேண்டும். சர்வதேச வாரண்டி சில வரிசைகளுக்குத்தான் உண்டு. வாங்கும் முன் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு, இந்தியாவில் செல்லுமா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பாரிஸ் மச்சானிடம் வேறொரு உதவி கேட்கலாம். பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் லேப்டாப் போன்றவற்றின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், பழுது பார்க்க எவ்வளவு வசதி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டே ஆகவேண்டும். பழுதுபார்க்கும் கையேடு கிடைக்கிறதா, எளிதில் கழற்றலாமா, ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும், ஸ்பேர் என்ன விலை, மென்பொருள் உதவி எப்படி, இவற்றைக் கூட்டி வருவது. தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது என்பதால் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஆனாலும் ஒரே விலையில் ஒன்று 8, இன்னொன்று 5 என்றால் அதில் சேதி இருக்கிறது. நீங்கள் இங்கே பார்த்து வைத்த மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே எத்தனை மார்க் என்று கேளுங்கள். செலவில்லாத சோதனை. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கினார்கள். விலைச்சீட்டில் மதிப்பெண் இன்னும் வரவில்லை.

பழையது வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய ஆபீஸ்கள் மூன்று, நான்கு வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிக்கொடுக்கும் உயர்ரகப் பெட்டிகள் சென்னை ரிச்சி தெரு வழியாக நமக்கும் வருகின்றன. இருபத்தைந்து முப்பதாயிரத்தில் கிடைக்கும் அவற்றில் பல, அதே விலையில் புதிதாக வரும் பெட்டியைவிடச் சட்டம் உறுதியானவை, ஸ்பேரும் தாராளம். கல்லூரிப் பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் பேட்டரியைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை. டிசைன் கபாசிட்டி என்று ஒரு எண், ஃபுல் சார்ஜ் கபாசிட்டி என்று ஒரு எண் வரும். முதலாவது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்றைய கொள்ளளவு. 50,000க்கு 30,000 என்று காட்டினால் நாற்பது சதவீதம் போய்விட்டது; பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய பிறகு, எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிக்கு வெயிலும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் ஆகாது. கத்திரி வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுத் தொழுகைக்கோ கல்யாணத்துக்கோ போகாதீர்கள்.

அப்படியானால் ஒன்றரை லட்சம் யாருக்கு? அதை வைத்துச் சம்பாதிப்பவருக்கு. கல்யாண வீடியோ எடிட் செய்பவர், ஆரோவில் பக்கம் கட்டட வரைபடம் போடுபவர், வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்பவர். ஒன்றரை லட்சத்தை ஏழு வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு சுமார் 21,400. அறுபதாயிரத்தை மூன்று வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 20,000. கணக்கு கிட்டத்தட்டச் சமம். நல்ல திரையும் கீபோர்டும் கூடுதல் லாபம். ஆனால் அந்த ஏழு வருஷம் சும்மா வராது. நடுவில் ஒரு பேட்டரி, ஒருவேளை ஒரு கீபோர்டு. மூன்று வருஷ வாரண்டியைச் சேர்த்தே வாங்குங்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பதாக இருக்கட்டும். வாங்குமுன் 605104 என்ற நம் பின்கோடைச் சொல்லி, இங்கே வருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பாண்டிச்சேரிக்கு வருவோம் என்பவர்கள் எல்லையிலுள்ள முத்தியால்பேட்டையோடு நின்றுவிடுவதும் உண்டு. நமக்கு அது ஒரே தெரு, அவர்கள் கணினிக்கு அது வேறு மாநிலம்.

மாநில எல்லை என்றதும் சொல்லிவிடுகிறேன். வரிக்காகப் பாண்டிச்சேரிப் பக்கம் போய் வாங்க வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு இரண்டு பக்கமும் லேப்டாப்புக்கு அதே 18 சதவீதம்தான். பாண்டிச்சேரி நேரு வீதியில் வாங்கியது பழுதாகிக் கடையும் கம்பெனியும் கைவிரித்தால், அங்கேதான் வழக்குப் போடவேண்டும் என்பதும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில், அதாவது விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன். எதற்கும் பில் வேண்டும். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது தருகிற ஜாப் ஷீட்டையும், என்ன குறை என்று தெளிவாக எழுதச் சொல்லி, ஃபோட்டோ எடுத்து வையுங்கள். ஆணையத்தில் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

பேச்சு இத்துடன் போதும். மேசையிலுள்ள இரண்டு பெட்டியையும் கையில் எடுத்துப் பார்க்கலாம், கெடுவதற்கு இனி அதில் ஒன்றுமில்லை. லேப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் வரிசையாக வாருங்கள், பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுகிறேன்.